நெருப்பு நடந்து வந்த வழி

இந்தியப் பெருங்கடலில் மடகாஸ்கருக்குக் கிழக்கே, பிரான்ஸ் நாட்டுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவில், பித்தோன் சாந்த்-ரோஸ் என்ற சிற்றூர் இருக்கிறது. 1977 ஏப்ரலில் எரிமலைக் குழம்பு அந்த ஊருக்குள் இறங்கியது. பித்தோன் த லா ஃபூர்னேஸ் என்ற அந்த எரிமலை வழக்கமாகத் தன் பெரும்பள்ளத்துக்குள்ளேயே கொதித்து அடங்கிவிடும். அந்த முறை பள்ளத்துக்கு வெளியே, ஊருக்கு மேலிருந்த சரிவில் நிலம் பிளந்தது. குழம்பு தோட்டங்களையும் வீடுகளையும் எரித்துக்கொண்டு சாலையைத் தாண்டிக் கடலை நோக்கிப் போனது. வழியில் ஊரின் மாதா கோயில் இருந்தது. அதன் வாசலை அடைந்ததும் குழம்பு இரண்டாகப் பிரிந்து சுவர்களைச் சுற்றிக்கொண்டு போய் ஆறி இறுகிவிட்டது. கோயில் நின்றது. ஊரை முன்பே காலி செய்துவிட்டதால் ஒருவரும் சாகவில்லை. இன்று அந்தக் கோயிலுக்கு எரிமலைக் குழம்பின் மாதா என்றே பெயர். வாசற்படிக்குப் பக்கத்தில், இறுகிய கருங்குழம்பு இன்னும் அலை அலையாகக் கிடக்கிறது.

அதைத் தொட்டுப் பார்க்க எனக்குக் கை வரவில்லை. காரணம் மலை அல்ல, கடல்.

நான் நாகப்பட்டினத்துக்காரன். அரசுப் பள்ளியில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. எங்கள் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோனது. வேளாங்கண்ணியில் பேராலயத்துக்குள் தண்ணீர் புகவில்லை. அதன் முன்னால் கடற்கரையிலும் கடைத்தெருவிலும், மாதாவைப் பார்க்கவென்றே வந்திருந்தவர்கள் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். பிணங்களை அடக்கி முடிப்பதற்குள், தண்ணீர் படியோடு நின்றது அற்புதம் என்ற பேச்சு எழுந்துவிட்டது. எங்கள் சமயத்திலும் இதே பேச்சுதான்: திருச்செந்தூரில் கடல் கோயிலைத் தொடவில்லை, முருகன் தள்ளி நிறுத்தினான் என்றார்கள். நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன், நாள் தவறாமல் திருநீறு பூசுகிறவன். அந்தப் பேச்சு எந்தச் சமயத்தின் வாயிலிருந்து வந்தாலும் அன்றிலிருந்து எனக்குத் தாங்கவில்லை. கோயிலைச் சுற்றிக்கொண்டு போகத் தெரிந்த அலைக்கு ஒரு குழந்தையைச் சுற்றிக்கொண்டு போகத் தெரியாதா?

அந்தக் குழந்தை பொதுவாகச் சொல்லப்படும் ஒரு குழந்தை அல்ல. என் அக்காவைக் காரைக்காலில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவளுடைய மகளுக்கு அப்போது ஒன்பது வயது. மற்றப் பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அவளுக்கு மூத்தவன், அன்று தூங்கிக்கொண்டிருந்தவன், இப்போது ரீயூனியனில் ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறான். அவன் அழைத்துத்தான் அந்தத் தீவுக்குப் போனேன். அவன்தான் அந்தக் கோயில் வாசலில் என் பக்கத்தில் நின்றவன்.

“மாமா, இங்கேயே நின்னு யோசிக்காதீங்க. முதல்ல மலைக்குப் போய் நடந்துட்டு வருவோம்” என்றான்.

நடப்பது எனக்குப் பழக்கம். பழனிக்குப் பாதயாத்திரை போயிருக்கிறேன், திருவண்ணாமலையில் கிரிவலம் வந்திருக்கிறேன். அந்த நடையெல்லாம் ஒரு கணக்குக்குள் அடங்கியது. வேண்டிக்கொண்டோம், கிடைத்தது, நடந்து கடனைத் தீர்த்தோம். அல்லது இன்னும் கிடைக்கவில்லை, முன்னதாகவே நடந்து வைத்தோம். வழியெல்லாம் மோர்ப்பந்தல், அன்னதானம், முருகா என்று கூட வருகிற குரல்கள். ரீயூனியனின் உட்புறத்தில் நடப்பதற்கு அப்படி எந்தக் கணக்கும் இல்லை. யாருக்கும் கடன் தீர்க்கப் போகவில்லை.

தீவின் நடுவில் பித்தோன் தே நேஜ் என்ற 3,070 மீட்டர் சிகரம் நிற்கிறது. அதுவும் எரிமலைதான். பல ஆயிரம் ஆண்டுகளாக ஓய்ந்து கிடக்கிறது. அதன் உடம்பு சரிந்தும், மழையில் அரிபட்டும், சுற்றிலும் மூன்று மாபெரும் பள்ளங்கள் உண்டாகியிருக்கின்றன: சிலாவோஸ், சலாசி, மாஃபாத். சிலாவோஸிலிருந்து தைபி என்ற கணவாய்க்கு ஏறி மாஃபாத்துக்குள் இறங்கினோம். கணவாய் 2,080 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே நின்று பார்த்தால், நிலத்தை யாரோ இரண்டு கையாலும் கிழித்துப் போட்டது மாதிரி இருந்தது. செங்குத்துச் சுவர்கள், அவற்றுக்கு நடுவே ஆறு அறுத்த இடுக்குகள், இடுக்குகளுக்கு இடையே மேசை மாதிரி சின்னச் சின்ன மேடுகள். அந்த மேடுகளில்தான் ஊர்கள்: மார்லா, லா நூவேல், ரோஷ் பிளாத், ஓரேர். மாஃபாத்துக்குள் சாலையே கிடையாது. எழுநூறு எண்ணூறு பேர் வாழ்கிறார்கள். போக வேண்டுமானால் நடக்க வேண்டும், அல்லது ஹெலிகாப்டர். சிமெண்ட் மூட்டையும் எரிவாயு சிலிண்டரும் வானத்திலிருந்து வலையில் தொங்கியபடி இறங்குவதைப் பார்த்தேன்.

இறங்கும் பாதை முழங்காலைக் கேட்டது. பொடிக்கற்கள் வழுக்கின. மரத்துண்டுகளைப் பதித்துச் செய்த படிகளில் ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரம். தெக்-தெக் என்று கத்துவதால் அதே பெயரால் அழைக்கப்படும் ஒரு சிறு பறவை புதர் புதராகத் தாவி எங்களுடன் வந்துகொண்டே இருந்தது. லா நூவேல் பக்கம் ஒரு சமவெளியில் ‘தமரின்’ என்று அவர்கள் சொல்லும் மரங்கள் காற்றில் சாய்ந்து பாசி போர்த்தி நின்றன. நம் புளி அல்ல அது, அந்தத் தீவில் மட்டும் விளைகிற அக்கேசியா. மார்லாவுக்கும் ரோஷ் பிளாத்துக்கும் நடுவே மூன்று பாறை என்ற இடத்தில், அகலமான பாறைத் தளத்தின் மேல் விரிந்து வரும் ஓடை திடீரென்று ஒரு பிளவுக்குள் விழுந்து காணாமல் போகிறது. எட்டிப் பார்த்தால் சத்தம் மட்டும் வருகிறது, தண்ணீர் தெரியவில்லை. அந்த விளிம்பில் வேலி இல்லை, எச்சரிக்கையாகக் கத்துவதற்கு ஆளும் இல்லை.

இந்தப் பள்ளத்துக்குள் முதலில் நடந்து வந்தவர்கள் யாத்திரிகர்கள் அல்லர், மலையேறிகளும் அல்லர். கடலோரக் காபித் தோட்டங்களிலிருந்து தப்பிய அடிமைகள். மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்கள். மாஃபாத் என்பதே அப்படித் தப்பிய ஒரு தலைவனின் பெயர் என்கிறார்கள். அவர்களைத் தேடி ஆள்பிடிப்பவர்கள் துப்பாக்கியோடு மலைக்குள் வந்தார்கள். கொன்றதற்குச் சாட்சியாகக் கையை வெட்டி எடுத்துப் போய்க் காட்டிக் கூலி வாங்கினார்கள். ஃபிரான்சுவா மூஸார் என்பவன் அந்தத் தொழிலில் பெயரெடுத்தவன். அந்தத் தீவில் அடிமை முறை ஒழிந்தது 1848 டிசம்பர் 20-ஆம் தேதிதான். அதுவரைக்கும் நான்கு தலைமுறைக்கு மேல் இந்தச் சுவர்களுக்குள் மனிதர்கள் ஒளிந்து, அடுப்பு மூட்டி, பிள்ளை பெற்று வாழ்ந்தார்கள்.

அவர்களை அந்த மலை காத்தது என்று சொல்லலாமா? சொல்லத்தான் வேண்டும். ஆனால் எப்படிக் காத்தது? ஏற முடியாததாக இருந்து காத்தது. மூடுபனியாக இருந்து காத்தது. அடிமையின் பக்கம் சேர்ந்துகொண்டு ஆள்பிடிப்பவனைத் தள்ளிவிட்டதாக ஒரு கதையும் இல்லை. ஓடி வந்தவனுக்கும் துரத்தி வந்தவனுக்கும் ஒரே செங்குத்து, ஒரே வழுக்கல். இரவில் தவறி விழுந்த அடிமையை அது ஏந்திக்கொள்ளவில்லை. 1875-இல் சலாசிப் பக்கம் மலைச்சரிவு ஒன்று முழுதாகப் பெயர்ந்து விழுந்தது. அறுபதுக்கும் மேற்பட்டோர் அதனடியில் போனார்கள். அவர்களில் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர்களின் பிள்ளைகளும் இருந்திருப்பார்கள்.

எங்கள் அப்பா மாலை வேளைகளில் திண்ணையில் உட்கார்ந்து சித்தாந்தம் சொல்லிக்கொடுப்பார். இறைவனுக்கு ஐந்தொழில்: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். அந்த வயதில் எனக்கு நான்காவது தொழில் மட்டும் விளங்காது. சாமி எதற்கு மறைக்க வேண்டும்? மறைத்தலும் அருள்தான், உயிர் பக்குவப்படும்வரை அதன் கண்ணிலிருந்து தன்னை மறைத்துக்கொள்வது என்பார் அப்பா. மனப்பாடம் செய்துகொண்டேன். மாஃபாத்தில், பிற்பகல் மூடுபனி கீழிருந்து ஏறி எதிர்ச்சுவரை முழுதாக விழுங்கி, மூன்று அடிக்கு முன்னால் நடந்த அக்கா மகனையும் விழுங்கியபோது, மறைத்தல் ஒரு வாழ்வாகவே இருந்திருக்கும் என்று முதன்முதலாகத் தோன்றியது. ஒளிந்திருந்தவர்களுக்கு அந்தப் பனி ஒவ்வொரு பிற்பகலும் கிடைத்த ஆயுள். அது அவர்களுக்காகவென்று வரவில்லை. ஆனாலும் வந்தது. இந்த இரண்டு வாக்கியத்தையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ள முடியுமா என்பதுதான் நடந்துகொண்டே நான் கேட்டுக்கொண்ட கேள்வி.

ரோஷ் பிளாத்தில் இரவு தங்கினோம். வீட்டுக்கார அம்மா அடுப்பில் சிலாவோஸ் பருப்பும் சௌசௌவும் வேகவைத்து, பெரிய கிண்ணத்தில் சோறு போட்டார். தலைக்கு மேல் ஆயிரம் மீட்டருக்கு மேலாகச் சுவர் எழுந்து நிற்க அதன் காலடியில் எப்படித் தூங்குகிறீர்கள் என்று அக்கா மகனைக் கேட்கச் சொன்னேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. எந்த இடத்தில் கல் விழுந்திருக்கிறது என்று எங்கள் பாட்டிகள் சொல்லி வைத்திருக்கிறார்கள், அங்கே கட்டமாட்டோம். இனி எங்கே விழும் என்று யாரும் சொல்லவில்லை என்றார். 2007 பிப்ரவரியில் கமேத் என்ற புயல் வந்தபோது இந்தத் தீவின் மலைமேல் கொமர்சோன் என்ற இடத்தில் மூன்றே நாளில் 3,930 மில்லிமீட்டர் மழை பெய்தது. உலகத்திலேயே மூன்று நாளில் அளக்கப்பட்ட அதிகபட்ச மழை அது. எங்கள் மாவட்டத்தில் அத்தனை மழை பெய்ய இரண்டு மூன்று வருடம் ஆகும். அந்த அம்மா சொன்னதில் அச்சமும் இல்லை, அலட்சியமும் இல்லை. மலையோடு அவருக்கு இருந்த உறவில் வேண்டுதல் என்ற ஒன்றே காணோம். ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனைக்குப் போகிறவர்தான், சுவரில் சிலுவையும் மாட்டியிருந்தார். வீடு எங்கே கட்டுவது என்ற கேள்வியை மட்டும் அவர் சிலுவையிடம் கேட்பதில்லை.

மாஃபாத்திலிருந்து வெளியே ஏறி, சில நாள் கால்களை ஆற்றிவிட்டு, எரிமலைக்குப் போனோம். பா த பெல்கோம்ப் என்ற விளிம்பிலிருந்து செங்குத்துச் சுவரில் வெட்டிய படிகள் வழியே பெரும்பள்ளத்துக்குள் இறங்க வேண்டும். விடியற்காலை, கடும் குளிர். கீழே இறங்கினால் மரமும் இல்லை, மண்ணும் இல்லை. முறுக்கிய கயிறு மாதிரியும் மடித்துப் போட்ட துணி மாதிரியும் உறைந்த லாவா, கண்ணுக்கெட்டியவரை. அதன்மேல் பாதை என்பது கற்களில் வைத்த வெள்ளைச் சாயப் புள்ளிகள்தான். மூடுபனி வந்தால் அடுத்த புள்ளி தெரியும்வரை நிற்க வேண்டும். நிற்காமல் போய் வழி தவறி இறந்தவர்கள் உண்டு. மலை சராசரியாக ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை வெடிக்கிறது. வெடிக்கும் அறிகுறி வந்தால் படிவாசலைப் பூட்டிவிடுவார்கள்.

உச்சியில் டோலோமியு என்ற பெருவாய். 2007 ஏப்ரலில், சில நாட்களுக்குள், அதன் தரை முந்நூறு மீட்டருக்கு மேல் கீழே இறங்கிவிட்டது. மலையின் வயிற்றில் இருந்த குழம்பு கடலோரமாக வெளியேறிவிட்டதால், தாங்க ஒன்றும் இல்லாமல் உச்சி உள்ளே அமிழ்ந்தது. விளிம்பிலிருந்து பார்த்தேன். சுவர்களில் சிவப்பும் சாம்பலும் மஞ்சளுமாக அடுக்குகள். எங்கோ கல் உருளும் சத்தம். பழனி மலைமேல் நின்றால் என் வாய் தானாக முணுமுணுக்கும், அவனுக்கு இதைக் கொடு, இவளுக்கு அதைக் கொடு என்று. இங்கே வாயில் ஒன்றும் வரவில்லை. கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை என்று தோன்றவில்லை. கேட்கிற விஷயமே அங்கே பொருந்தவில்லை.

நிலவியல் சொல்வதை நான் வகுப்பில் பலமுறை நடத்தியிருக்கிறேன். அந்தத் தீவுக்கு அடியில் இருக்கும் நெருப்பு இடம் மாறவில்லை, மேலே இருக்கும் நிலத்தட்டுதான் நகர்ந்துகொண்டே போகிறது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த நெருப்புக்கு மேலே இருந்தது இந்தியா. அப்போது பொங்கிப் பரவிய குழம்புதான் தக்காணத்தின் கரும்பாறை. எல்லோராவில் கைலாசநாதர் கோயிலை வெட்டியெடுத்தது அந்தப் பாறையில்தான். இந்தியா வடக்கே நகர, அதே நெருப்பு லட்சத்தீவுக்கும் மாலத்தீவுக்கும் அடித்தளம் போட்டது, பிறகு மொரீஷியஸை எழுப்பியது, இப்போது ரீயூனியனில் நிற்கிறது. 2012, 2013 ஆண்டுகளில் பிரெஞ்சு, ஜெர்மன் ஆய்வாளர்கள் கடலடியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நிலநடுக்கமானிகளை இறக்கி அந்த நெருப்பின் வேரைத் தேடினார்கள். தேடல் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் ஆழத்தில், பூமியின் கருவைத் தொடும் எல்லைவரை போனது.

சிவன் கோயில் கருவறைக்குப் பின்சுவரில் லிங்கோத்பவர் இருப்பார். அடி தேடிப் பன்றியாகப் போன திருமாலும் முடி தேடி அன்னமாகப் போன பிரமனும் காண முடியாத நெருப்புத் தூண். டோலோமியு விளிம்பில் அந்த நினைவு வராமல் இருக்குமா? வந்தது. ஆனால் நம் முன்னோருக்கு எல்லாம் முன்பே தெரியும் என்று சொல்ல நான் ஆளில்லை. அப்படிச் சொல்வது புராணத்தையும் சிறுமைப்படுத்தும், கடலடியில் கருவி இறக்கியவர்களின் உழைப்பையும் சிறுமைப்படுத்தும். நான் அந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொண்டது வேறு. அந்தத் தூண் திருமாலுக்காகவும் எழவில்லை, பிரமனுக்காகவும் எழவில்லை. இருவரில் யார் பெரியவர் என்ற வழக்குக்கு நடுவே எழுந்து, யார் பக்கமும் சாயாமல் நின்றது. நாம் கோயில் வாசலில் நின்று, பார்த்தாயா, என் பக்கம் சாய்ந்தது என்று சொல்லும்போது அந்தத் தூணையே கொஞ்சம் சாய்த்துப் பார்க்கிறோம்.

சித்தாந்தத்தில் இதற்குப் பழைய விடை உண்டு. சூரியன் விகாரப்படாமல் நிற்க, அதன் முன்னால் ஒரு தாமரை அரும்பும், ஒன்று மலரும், ஒன்று வாடும். வேறுபாடு அதனதன் பக்குவத்தில் இருக்கிறது. சூரியனைப் பற்றிய பாதியை நான் முழுமனதோடு ஏற்கிறேன். பக்குவத்தைப் பற்றிய பாதியை ஏற்க முடியவில்லை. ஒன்பது வயதுப் பெண்ணிடம் எந்தப் பக்குவம் குறைவாக இருந்தது? வினைப்பயன் என்று இழுத்து மூடிவிடலாம். இழவு வீட்டில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். தத்துவமாக அது சரியாக இருக்கலாம், அந்தத் திண்ணையில் அது கொடுமை. கொடுமையாகாமல் சொல்ல முடியாத ஒன்றைச் சமயம் சொல்லக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

மலையிலிருந்து இறங்கி, கிராண்ட் ப்ரூலே என்ற எரிந்த கரையோரமாகத் திரும்பினோம். குழம்பு சாலையைத் தாண்டிய ஒவ்வோர் இடத்திலும் பலகை நட்டு ஆண்டை எழுதி வைத்திருக்கிறார்கள்: 2002, 2004, 2007. வேறு எந்த விளக்கமும் இல்லை. புதிய குழம்பு வெறும் கறுப்பு. சற்றுப் பழையதில் சாம்பல் நிறப் பாறைப்பாசி பூத்திருக்கிறது. இன்னும் பழையதில் பெரணி, அதற்கும் பழையதில் காடு. 2007-இல் த்ரம்ப்ளே பக்கம் கடலில் விழுந்த குழம்பு தீவுக்குப் புதிய நிலத்தையே சேர்த்தது. இந்தக் கரையில் நீலக் குடை பிடித்த ஒரு மாதா சிலை உண்டு. எரிமலையிடமிருந்து காக்கச் சொல்லி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைத்தது. குழம்பு நெருங்கும்போதெல்லாம் ஊர்க்காரர்கள் அந்த மாதாவைத் தூக்கி வேறிடத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். இதைக் கேட்டு ஏளனம் செய்கிறவர்கள் இருக்கலாம். எனக்கு அது மனத்தைத் தொட்டது. காப்பவளைக் காப்பது பக்தியின் ஒரு முறைதான். வெள்ளத்தில் உற்சவரைத் தலையில் சுமந்து ஓடிய குருக்கள்மாரை நான் அறிவேன்.

அன்று மாலை அக்கா மகனோடு வேலை செய்யும் ஒருவரின் அப்பாவைப் பார்க்கப் போனோம். மலபார் என்று அங்கே சொல்லப்படும் தமிழ் வம்சாவளி. அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகக் கப்பலேறிப் போனவர்களின் வாரிசு. பெயர் கிறிஸ்தவப் பெயர். பேச்சு கிரியோல். தமிழ் பூசை மந்திரங்களில் மட்டும் நிற்கிறது. பாஞ்சாலிக்கு விரதம் இருந்து தீ மிதிக்கிறவர், மாதா கோயிலிலும் மெழுகுவத்தி ஏற்றுகிறவர். 1977-இல் அவருடைய பெற்றோர் வீடு பித்தோன் சாந்த்-ரோஸில் இருந்தது. எரிந்துபோன வீடுகளில் அதுவும் ஒன்று.

நான் கேட்க நினைத்ததைக் கேட்டேன். அக்கா மகன் மொழிபெயர்த்தான். உங்கள் வீட்டை எரித்துவிட்டுக் கோயிலை விட்டது. அந்தக் கோயிலில் போய் எதற்கு நன்றி சொல்கிறீர்கள்?

அவர் வெகுநேரம் அன்றைய நாளையே சொல்லிக்கொண்டிருந்தார். குழம்பு ஓடி வரவில்லையாம். நடந்துதான் வந்ததாம். மரங்கள் ஒவ்வொன்றாக வெடித்துச் சாயும் சத்தத்தை வைத்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்ததாம். அவருடைய அம்மா சாமி விளக்கையும் தையல் மெஷினையும் எடுத்துக்கொண்டார். கோழிகளைத் திறந்துவிட்டார். கிழவியான மாமியாரை இருவர் நாற்காலியோடு தூக்கிப் போனார்கள். கடைசியில் அம்மா வாசற்கதவைப் பூட்டினாராம். எதற்குப் பூட்டினார் என்று அவருக்கு இன்றுவரை தெரியவில்லை. பிறகு சொன்னார்: “எங்கள் அம்மா மெழுகுவத்தி ஏற்றியது கோயில் நின்றதற்காக அல்ல. அது நடந்து வந்ததற்காக.”

நான் பல ஆண்டுகளாக அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு அலைந்த இடத்தில், அந்த அம்மாள் கேள்வியையே வேறிடத்தில் வைத்திருந்தார். யாரை விட்டது, யாரை எரித்தது என்று அவர் பார்க்கவில்லை. அவகாசம் இருந்ததா என்று பார்த்தார். தேர்ந்தெடுக்கப்பட்டவள் என்ற எண்ணமே இல்லாமல் ஒருவர் நன்றி சொல்ல முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. மாஃபாத்தின் மூடுபனியும் அதுதான். யாருக்காகவும் வரவில்லை, வந்த நேரத்தில் ஓடியவனுக்கு அது போதுமான நேரமாக இருந்தது. அருள் என்று நான் இனி எதையாவது சொல்வதானால், அப்படிக் கிடைக்கும் அவகாசத்தைத்தான் சொல்வேன். அது எல்லோருக்கும் பொது. அதில் பக்குவம் பார்க்கப்படுவதில்லை.

ஆனால் இப்படிச் சொன்ன உடனே கடல் என்னைக் கேட்கிறது. எனக்கு அந்த நாளின் மணிக்கணக்கு தெரியும். சுமத்ராவுக்கு அப்பால் நிலம் பெயர்ந்தது நம் நேரப்படி காலை ஆறரைக்கு. நாகப்பட்டினக் கரைக்கு அலை வந்தபோது மணி ஏறக்குறைய ஒன்பது. நடுவே இரண்டரை மணி நேரம். கீச்சாங்குப்பத்திலிருந்தும் அக்கரைப்பேட்டையிலிருந்தும் ஒரு பாட்டி பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நின்று நின்று, சிக்கல் சிங்காரவேலர் கோயில்வரை நடந்துவிடலாம். அதற்குப் பிறகும் நேரம் மிச்சமிருந்திருக்கும். கடலும் நடந்துதான் வந்தது. அவகாசம் தரப்பட்டிருந்தது. அதைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கத்தான் ஒருவரும் இல்லை.

ரீயூனியனில் 1977-க்குப் பிறகு, 1979-இல், எரிமலைக்கு ஒரு கண்காணிப்பகம் வைத்தார்கள். மலையின் ஒவ்வோர் அதிர்வையும் இரவும் பகலும் அங்கே உட்கார்ந்து கேட்கிறார்கள். 2004-க்குப் பிறகு, 2007-இல், ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. இரண்டுமே பிறகு வந்தவைதான். ஆனாலும் அந்த அறைகளில் இரவுப் பணியில் உட்கார்ந்திருப்பவர் செய்வதைக் கோயில் காரியத்துக்குக் குறைந்ததாக நான் நினைக்கவில்லை. எல்லோருக்கும் பொதுவாக விழுந்த நேரத்தை ஆளாளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார் அவர். ஐந்தொழிலில் இது எதில் சேரும் என்று அப்பா இருந்திருந்தால் அவரிடம் கேட்டிருப்பேன். காத்தலில் என்று சொல்லியிருப்பார். அருளலில் என்று நான் வாதாடியிருப்பேன்.

ஊருக்குத் திரும்பியதும் காரைக்காலுக்குப் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மகன் அங்கே எப்படி இருக்கிறான், என்ன சமைக்கிறான் என்பதைத்தான் முதலில் கேட்டாள். பிறகு எரிமலைக் கதையை முழுக்கக் கேட்டாள். அவள் ஒவ்வொரு வருடமும் செப்டம்பர் எட்டாம் தேதித் திருவிழாவுக்கு வேளாங்கண்ணி போகிறவள், சுனாமிக்கு முன்பும், பின்பும். தண்ணீர் படியோடு நின்றது அற்புதம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அது பொய் என்று நான் கத்தியபோது ஒத்துக்கொண்டதும் இல்லை. அவளுக்காக நான் பட்ட கோபத்தை அவள் என்னிடமிருந்து ஒருமுறைகூட வாங்கிக்கொள்ளவில்லை.

அவகாசம்தான் அருள் என்று நான் சொன்னதை அவள் யோசித்தாள்.

“இருக்கலாம்டா தம்பி. அந்தம்மாவுக்கு அது சரி, அவங்க பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு நடந்து போயிட்டாங்க. நீ சொல்ற சாமி நேரம் குடுத்துட்டு நிக்குது. நான் வேளாங்கண்ணிக்குப் போறது அதுக்கில்ல. அந்த நேரத்துல எம் பொண்ணு தனியா இருந்தாளா, யாராச்சும் பக்கத்துல இருந்தாங்களான்னு கேக்கப் போறேன்” என்றாள்.

அந்தக் கேள்விக்கு அவகாசம் என்ற விடை பொருந்தாது. மலையிடமும் அதைக் கேட்க முடியாது. கேட்பதற்கு ஒரு முகம் வேண்டும், ஒரு தாயின் முகம். அதற்காகத்தான் அவள் அங்கே போகிறாள் என்பது இத்தனை வருடம் கழித்து எனக்குத் தெரியவந்திருக்கிறது. வருகிற செப்டம்பரில் கூட வரட்டுமா என்று கேட்டிருக்கிறேன். கூட்டம் அதிகமாக இருக்கும், காலையிலேயே கிளம்ப வேண்டும் என்றாள்.